கடிகாரங்கள் சரியான நாள்

அத்தியாயம் பதினொன்று

வீட்டுக் கடைக்குட்டி என்பதால் அவளுக்குப் பாப்பா என்று பெயர். முப்பத்தாறு வயதாகிறது, காதோரம் நாலைந்து நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் பாப்பாதான். கட்டிக்கொண்ட கணவரும் மாமனார் வீட்டைப் பார்த்து அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்து இறக்கிவிடுவார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் நாக்கு எழாது.

பாப்பா எட்டு வாரக் கெடுவில் இருக்கிறாள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு லென்ஸையும் பவர் அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்து, மையம் பிடித்து, மூன்று மைப்புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் அடுத்த மேஜையில் இரண்டு பேர் லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி வெட்டுவார்கள். புள்ளி வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் எட்டரைக்கு அவள் வந்து உட்காராவிட்டால் அந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நின்றார்கள். பல வருஷம் நின்றார்கள். கடைசியில் முதலாளி பொறுமை இழந்தார். எட்டு வாரத்தில் மூன்று தாமதம் வரை மன்னிப்பு, நான்காவது வந்தால் மேஜையை விட்டுவிட்டுப் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும், கூடவே ஒரு லைஃப் கோச்சிடம் பயிற்சியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ஒரு டாக்டர் பாப்பாவை உட்கார வைத்து, "உங்களுக்கு இருக்கறது ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்துல நிக்காத தன்மை. மூளை கெட்டுப்போகல, அதோட நடையே வேற" என்று சொல்லியிருந்தார். அதுவரைக்கும் அவள் நடைக்கு வீட்டில் வைத்திருந்த பெயர்கள் வேறு. மறதிக் கேஸ், ஆடி அசைந்து வருபவள், எருமை மாட்டுப் பொறுமை. அந்தப் பட்டியலை இங்கே முழுசாகப் போட்டால் இந்த வார இடம் காலியாகிவிடும்.

கோச்சைப் பிடித்துக் கொடுத்தவள் அக்கா. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்கிறவர் ஓட்டும்போதே பக்கத்து சீட்டிலிருந்து மிதிக்க அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி கோச்சாகத் தொழில் ஆரம்பித்திருக்கிறார் என்று தெரிந்ததும் மறுநாளே பாப்பாவை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பளபள நட்சத்திர ஸ்டிக்கர்களும் கலர் பேனாக்களும் இல்லாமல் அந்த அம்மாள் எங்கேயும் போவதில்லை. பாப்பாவின் கணவர் வைத்த பெயர், ஸ்டார் மேடம். முதல் சந்திப்பில் அவர் பாப்பாவின் கையைப் பிடித்து, "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. நீங்க இத்தனை வருஷமா எல்லாரையும்விட ரெண்டு மடங்கு உழைச்சிருக்கீங்க" என்றார். பாப்பா எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதனால்தான் அடுத்து வந்த முப்பத்திரண்டு கட்ட அட்டவணையையும், காலையில் எழுந்ததும் மூன்று நன்றி எழுத வேண்டும் என்ற கட்டளையையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றாள். ஒரு நாள் அவசரத்தில் "நன்றி, நன்றி, நன்றி" என்று எழுதி வைத்தாள். அதற்கும் ஒரு ஸ்டார் கிடைத்தது.

மூன்று தாமதமும் முதல் இரண்டு வாரத்திலேயே தீர்ந்துபோயின. அதற்கப்புறம் முப்பத்தைந்து வேலை நாள், ஒரு நாள் விடாமல், அவள் நேரத்துக்குப் போயிருந்தாள். இன்று முப்பத்தாறாவது நாள். கெடுவின் கடைசி நாள்.

இப்போது வாசகர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பாப்பாவுக்கு இது தெரியாது.

அவள் வீட்டில் மூன்று கடிகாரங்கள். கல்யாணமான மாதமே கணவர் மூன்றையும் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார், மனைவி ஏமாந்து சீக்கிரம் கிளம்பட்டுமே என்று. பாப்பா ஏமாறவில்லை. மனதுக்குள் பதினைந்தைக் கழித்துக்கொண்டாள். பத்து வருஷமாகக் கழித்துக்கொண்டேயிருக்கிறாள். சமையலறைக் கடிகாரம் எட்டேகால் காட்டினால் உண்மையில் எட்டு, கிளம்ப வேண்டிய நேரம். கையில் வாட்ச் கட்டினால் தோல் அரித்து உயிர் போகும். போனைத் தொட்டாலோ நேரம் பார்க்கப் போனவள் வேறெதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். எனவே பட்டறைக்குள் கால் வைக்கும்வரை போன் பையின் அடியில் அணைந்து கிடக்கும். இது அவளே கண்டுபிடித்த வழி. முப்பத்தைந்து நாளும் அவளைக் கரை சேர்த்தது இதுதான்.

நேற்று ராத்திரி அவள் தூங்கிய பிறகு, அந்த மூன்று கடிகாரங்களும் சரியான நேரத்துக்குத் திருத்தப்பட்டுவிட்டன.

காலையில் கணவர் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். பாப்பா படுக்கையறைக் கடிகாரத்தில் அலாரம் அடித்ததும் எழுந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள், அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டாள். சமையலறைக் கடிகாரம் எட்டேகால் காட்டியது. எட்டு மணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை, பஸ் வந்துவிட்டது. தினமும் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் நர்ஸ் அம்மாவைக் காணோம். இன்று லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த சீட்டிலேயே உட்கார்ந்தாள். எட்டு வாரமும் முடியப்போகிறது, மேஜை தனக்கே என்று நினைத்தபோது விரல்கள் தானாகப் பைமேல் தாளம் போட்டன. சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

பட்டறைக்குள் நுழைந்தபோது வெட்டுகிற இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். மிஷின் சத்தமே இல்லை. முதலாளி அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பதினோரு நிமிஷம்" என்றார்.

பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பத்தொன்று. "சார், இந்தக் கடிகாரம் ஓடுதா?"

"நல்லாத்தான் ஓடுது."

அவள் பையின் அடியில் கையை விட்டுப் போனைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தாள். அது மெதுவாக விழித்து வந்தது. எட்டு நாற்பத்திரண்டு.

"நான் எட்டு மணிக்கே கிளம்பினேன் சார்."

"எட்டு மணிக்குக் கிளம்பினவங்க எட்டே இருபத்தஞ்சுக்கு வந்திருக்கணும்" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாப்பாவுக்குச் சமாளிக்க எளிதாக இருந்திருக்கும். "இப்ப வேலையைப் பாருங்க. மூணு மணிக்கு உங்க கோச் வர்றாங்க, பேசிக்கலாம்."

வேலையைப் பார்த்தாள். வேறென்ன செய்ய? ஒவ்வொரு ஆர்டரும் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் வரும், அதில் பவர் எழுதிய சீட்டு இருக்கும். பத்தரை மணிக்கு வந்த ஒரு டிரேயைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் பவரை மாற்றி எழுதியிருந்தார்கள். அதே வாடிக்கையாளர் ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்ட ஆர்டர் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது, லென்ஸின் அச்சுக் கோணம் உட்பட. கடைக்குப் போன் செய்து கேட்டார்கள். அவள் சொன்னதுதான் சரி. எண்களெல்லாம் அப்படியே பசையாக ஒட்டிக்கொள்கிற இந்த மண்டையில், இன்று காலை நடந்ததற்கு மட்டும் ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு அக்காவின் போன் வந்தது.

"என்னடி பாப்பா, எட்டு நாப்பத்தொண்ணாமே?"

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. "உனக்கு யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? கடைசி நாளாச்சே, கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருக்கக் கூடாதா?"

"அக்கா, இது பட்டறைக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"உங்க முதலாளி கோச்சுக்குச் சொன்னார். அவ எனக்குச் சொன்னா. நான்தானே உன்னை அவகிட்ட சேர்த்துவிட்டேன்? சொல்லமாட்டாளா?"

"நான் பேசறதையெல்லாம் அவங்க உன்கிட்ட சொல்றாங்களா?"

"எல்லாத்தையும் இல்ல. முக்கியமானதை மட்டும்." பின்னணியில் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதறவிடும் சத்தம். "கிளட்ச், கிளட்ச்! பாப்பா, அப்புறம் பேசறேன்."

போனை வைத்த பிறகும் பாப்பாவுக்குக் காது சுட்டது. கோச்சிடம் அழுதுகொண்டு சொன்னதில் எது முக்கியம், எது முக்கியமில்லை? யார் பிரித்துப் பார்த்தார்கள்? எரிச்சலில் அடுத்த லென்ஸைக் கிட்டத்தட்டக் கீழே போட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு முதலாளியின் அறை. கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை, மூன்று பக்கமும் மாதிரி ஃப்ரேம்கள் தொங்கும். ஸ்டார் மேடம் தன் அட்டவணைகளை மேஜைமேல் பரப்பினார். எப்போதும் "நாம இன்னைக்கு எப்படி இருக்கோம்?" என்று ஆரம்பிப்பவர், இன்று பாப்பாவின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"முப்பத்தஞ்சு நாள் சரியா வந்திருக்காங்க சார். கடைசி நாள் லேட். இது நாங்க அடிக்கடி பார்க்கறதுதான். ஜெயிக்கப் போற நேரத்துல உள்ளுக்குள்ள ஒரு பயம் வரும். தனக்கே தெரியாம தானே கெடுத்துக்குவாங்க."

"மேடம், நான் எப்பவும் கிளம்பற நேரத்துக்குத்தான் கிளம்பினேன்" என்றாள் பாப்பா.

மேடத்தின் பேனா ஒரு கணம் நின்றது. "உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்மா. நேரம் போறது உங்களுக்குத் தெரியறதில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க இல்லையா?"

சொல்லியிருந்தாள். அதுதான் வினை. தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதை எடுக்காமல் கனவு கண்டிருக்கிறாள். இன்று காலையும் அப்படி நின்றிருப்பாளோ? நிற்கவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முப்பத்தாறு வருஷமாக, தனக்கு நன்றாகத் தெரிந்ததையெல்லாம் அடுத்தவர்கள் இல்லையென்று சாதித்து, கடைசியில் அவர்கள் சொன்னதே சரியாகவும் இருந்திருக்கிறது. தன் பக்கம் தானே சாட்சி சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன் சார். மன்னிச்சிடுங்க" என்றாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் இதுல சந்தோஷம் இல்ல. ஆனா ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கணும். நாளையிலேர்ந்து நீங்க பேக்கிங். எட்டரைக்கு மேஜைக்கு வேற ஆள் வர்றார்."

"பேக்கிங்ல அழுத்தம் கம்மி" என்றார் மேடம். "இதைத் தோல்வின்னு எடுத்துக்க வேண்டாம். தைரியமா ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்." சொல்லிவிட்டு, பாப்பா கையெழுத்துப் போட்ட தாளின் ஓரத்தில் ஒரு வெள்ளி ஸ்டாரை ஒட்டினார்.

பாப்பாவுக்கு அந்த ஸ்டாரைப் பிய்த்து அவர் நெற்றியிலேயே ஒட்டலாமா என்று வந்தது. ஒட்டவில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து, மீட்டரைத் துடைத்து, மை டப்பாவை மூடி, நாளைக்கு வரப்போகும் ஆளுக்காக எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவைத்தாள்.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கணவர் ஹாலில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு, ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்களா?"

"மேஜை போச்சு. பதினோரு நிமிஷம் லேட்."

பிரஷ் பாதியில் நின்றது. "லேட்டா? எப்படி? வீட்டுல எல்லா கடிகாரமும் இப்ப கரெக்டா இருக்கே?"

பாப்பா பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "கரெக்டாவா?"

"ஆமா. நேத்து ராத்திரி மூணையும் சரி பண்ணி வெச்சேன்." சொல்லச் சொல்லவே அவருக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. முகம் மெல்ல வெளுத்தது. "ஐயோ. நீ பதினஞ்சைக் கழிச்சுட்டியா?"

"பத்து வருஷமா கழிக்கறேன்! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மேடத்துக்கும் தெரியும். அதனாலதான் அவங்க..." வாயை மூடிக்கொண்டார். மூடியது தாமதமாகத்தான்.

"மேடமா?"

"அவங்கதான் மாத்தச் சொன்னாங்க. பொய்க் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு இருந்தா உனக்கு நேரம் பிடிபடவே பிடிபடாதாம். உன்கிட்ட சொன்னா நீ மறுபடி அதுக்கும் ஒரு கணக்குப் போடுவ, அதனால சொல்லாம செய்யச் சொன்னாங்க. ஆனா இன்னைக்கு ராத்திரிதான் மாத்தச் சொன்னாங்க பாப்பா, கெடு முடிஞ்சப்புறம். இன்னைக்கு ராத்திரி எனக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை இருக்கு. மறந்துடப் போறோமேன்னு ஒரு நாள் முன்னாடியே..."

"மறந்துடப் போறோமேன்னு" என்று பாப்பா திருப்பிச் சொன்னாள். "லிஃப்ட்டை ரிப்பேர் பண்றப்ப வாசல்ல போர்டு வைக்கறீங்கல்ல? உள்ளே ஆள் இருக்காங்களான்னு தட்டிப் பார்க்கறீங்கல்ல? என் வீட்டுக் கடிகாரத்தை மாத்தறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"நல்லதுக்குன்னு நினைச்சேன் பாப்பா."

"இன்னொரு தடவை பாப்பான்னு கூப்பிடாதீங்க!"

அவர் போன் டீப்பாய் மேல் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் ஒன்று வந்து திரை ஒளிர்ந்தது. ஒரு வாட்ஸ்அப் குழு. பெயர்: பாப்பா முன்னேற்றக் குழு.

அவள் எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. குழுவில் மூன்றே பேர். கணவர், அக்கா, ஸ்டார் மேடம். முன்னேற வேண்டியவளுக்கு மட்டும் அதில் இடமில்லை.

விரலால் தள்ளத் தள்ள எட்டு வாரமும் ஓடியது. "இன்னைக்கு ரெண்டு கால்லயும் ஒரே ஜோடி சாக்ஸ்" என்று கணவர். அதற்கு அக்காவின் கைதட்டல். "நேத்து ஃபிரிட்ஜுக்குள்ள சாவி" என்று கணவர். அதற்கு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தாள். "அவங்க சின்ன வயசுல ரிசல்ட் வந்த நாள் பத்திப் பேசினாங்க, ரொம்ப அழுதாங்க, வீட்ல கொஞ்சம் கவனமா இருங்க" என்று மேடம். அதைப் படித்தபோது பாப்பாவுக்கு நடுத்தெருவில் உடுப்பில்லாமல் நிற்பதுபோல இருந்தது.

நேற்று ராத்திரி பத்தேகாலுக்குக் கணவர் போட்டது: "கடிகார வேலை முடிஞ்சுது." அடுத்த நிமிடமே மேடம் ஒரு கட்டை விரல் காட்டியிருந்தார்.

ஆகவே அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தெரியும். பாப்பா மன்னிப்புக் கேட்டபோது தெரியும். ஸ்டார் ஒட்டியபோதும் தெரியும்.

சற்றுமுன் வந்து திரையை ஒளிரவைத்த மெசேஜும் மேடத்துடையதுதான். "கடிகார விஷயத்தை இப்ப அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். ஏற்கெனவே மனசு சோர்ந்திருக்காங்க. நேரம் பார்த்து நானே சொல்றேன்." அதன் கீழே அக்காவின் "ஓகே" வந்து விழுந்தது.

அக்காவே பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு பை ஆரஞ்சுடன் உள்ளே வந்தவள், பாப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் தங்கை கணவரை முறைத்தாள்.

"தம்பி, என்ன இது?"

"அவளே எடுத்துட்டா" என்றார் அவர், மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"சரி, தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு" என்று அக்கா ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "பாப்பா, உட்காரு. ஆத்திரப்படாம கேளு. தப்புதான். ஆனா வேணும்னு யாரும் பண்ணல."

"அவங்க எதிர்ல உக்காந்து, நானே கெடுத்துக்கிட்டேன்னு சொன்னாங்க அக்கா. வேணும்னுதான் சொன்னாங்க."

"அவ நிலைமையையும் பாரு. இப்பதான் தொழில் ஆரம்பிச்சிருக்கா. உன் கேஸ் நல்லா முடிஞ்சா மத்த ஆளுங்களுக்கும் அவளையே போடறதா உங்க முதலாளி சொல்லியிருக்கார். அந்த இடத்துல போய், நான்தான் கடிகாரத்தை மாத்தச் சொன்னேன்னு எப்படிச் சொல்லுவா?"

"அப்ப என் மேஜை?"

"பேக்கிங்னா என்ன குறைச்சல்? டென்ஷன் இல்லாத வேலை. உனக்கு நாங்க இருக்கோம்ல?"

"நீங்க இருக்கீங்க. அதுதான் என் கஷ்டமே!" பாப்பாவின் குரல் உடைந்தது. "சாக்ஸ் போட்டா கை தட்டறீங்க. மேஜையைப் பிடுங்கினா டென்ஷன் போச்சுங்கறீங்க. அந்த மேஜையில உக்காந்தாதான் என் மூளை ஒரு இடத்துல நிக்குது அக்கா. காலைல எட்டரையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் என்னை யாரும் திருத்த வேண்டியதில்ல. அங்க நான்தான் மத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கறவ. அது ஒண்ணுதான் எனக்கு இருந்தது."

அக்காவின் கால் பழக்கத்தில் தரையை அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

பாப்பா தன் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள். சொன்னாள், ஒன்று விடாமல். கோர்வையாக வரவில்லை. கடிகாரத்தில் ஆரம்பித்து வாட்ச் அரிப்புக்குப் போய், நர்ஸ் அம்மாவுக்கு வந்து, மறுபடி கடிகாரத்துக்கு வந்தாள். முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க பொய் சொல்றவங்க இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "ஆனா கோச் சொன்னதைத்தான் எழுதிக் கோப்புல வெச்சிருக்கேன். லென்ஸ் வெட்டற அந்த ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லணும். உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னா, பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறார்னுவாங்க. அந்த அம்மா தன் வாயால சொல்லட்டும். நாளைக்கு எட்டரைக்குள்ள சொன்னா மேஜை உங்களுது. இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பாப்பா அடுத்த எண்ணை அழுத்தினாள். அக்கா, "நான் பேசறேன், கொடு" என்று கையை நீட்டினாள். பாப்பா முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"சொல்லுங்கம்மா! நாம இப்ப எப்படி இருக்கோம்?" என்றது ஸ்டார் மேடத்தின் குரல்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு மேடம். கடிகாரம், குழு, எல்லாம்."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"நேத்து அந்த மெசேஜுக்கு நாளைக் கவனிக்காம கட்டை விரல் போட்டுட்டேன். காலைல உங்க முதலாளி போன் பண்ணி லேட்டுன்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார் மேடம், அவருடைய குரல் மாதிரியே இல்லாத ஒரு குரலில். "பயந்துட்டேன். உங்களுக்கு முன்னாடி மூணு பேரு என்கிட்ட வந்தாங்க, மூணு பேரும் பாதியில விட்டுட்டாங்க. கடைசிவரைக்கும் வந்த ஆள் நீங்கதான். அதையும் நானே கெடுத்தேன்னு அவர் முன்னாடி சொல்ல வாய் வரல."

பாப்பாவுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"சோம்பேறித்தனம் இல்லன்னு முதல்ல சொன்ன ஆள் நீங்க மேடம். நீங்க சொன்னதாலதான் நான் நம்பினேன். இன்னைக்கு நானே கெடுத்துக்கிட்டேன்னு சொன்னீங்க. அதையும் நம்பினேன். என் கண்ணால பார்த்ததை விட்டுட்டு உங்களை நம்பினேன்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிப்பு அப்புறம். முதலாளிகிட்ட நீங்க உண்மையைச் சொல்லணும்."

"சொன்னா அங்க எனக்கு வேலை இல்ல."

"சொல்லலேன்னா எனக்கு இல்ல."

மேடம் மூச்சை இழுத்து விட்டார். "எனக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க. யோசிக்கணும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா எத்தனை நிமிஷம் மேடம்?"

அக்கா பின்னாலிருந்து, "வெச்சிடு பாப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள். கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் லைன்லயே இருக்கேன்" என்றாள் பாப்பா.